வெறுஞ் சுவர்

மும்பையிலிருந்து மூன்று சுற்று பபுள் கவரில்
செகண்ட்ஹேண்டாக வந்தது டிஜிட்டல் பேக்.
பிலிம் மேகசினைக் கழற்றிய இடத்தில்
டக்கென்று உட்கார்ந்தது.
அன்று முதல் தடவையிலேயே சரியாக நடந்தது
அது ஒன்றுதான்.

சென்சார் பிலிமைவிடச் சின்னது.
கேமராவின் போகஸ் கண்ணாடியில்
பென்சிலால் ஒரு செவ்வகம் போட்டுக்கொண்டேன்.
அதற்கு வெளியே இருப்பது எனக்குத் தெரியும்,
படத்துக்குத் தெரியாது.

லென்ஸுக்கும் பேக்குக்கும் நடுவே ஒரு சிங்க் வயர்.
செருக மறந்து எடுத்த ஏழும் கறுப்பு.
எட்டாவது ரோஸ்.

டெய்லர் டேப்பைச் சாய்த்து வைத்து
இருபதில் போகஸ் பிடித்தால்
இருபத்திரண்டில் போய்த் தெளிகிறது.
கண்ணாடிக்கு அடியில், நான்கு மூலையிலும்
பிளேடு உறைத் தாள் வெட்டி வைத்தேன்.
ஒன்று போதவில்லை. இரண்டு.

அப்புறம்தான் அந்தக் கோடு.

பொம்மைக்குப் போட்ட கருநீலக் காலர் பனியனில்
நெஞ்சிலிருந்து கீழ்வரை நேராக,
முடியளவு, லேசாக வெளுத்து.
மெர்ச்சண்டைசர் ஷோபிதா திரையைப் பெரிதாக்கி
"நீடில் லைன்" என்றாள்.
அதற்குமேல் திருப்பூரில் யாருக்கும் விளக்கம் தேவையில்லை.
நிட்டிங்குக்குப் போன் பறந்தது.

அரை மணியில் மொபெட்டில் வந்து இறங்கினார்
செக்கிங் கலாமணி.
"ஏனுங், எங்க மிசின்ல ஊசி ஒடஞ்சா
மொதல்ல என்ற கைக்குத் தெரியுமுங்."
பனியனைக் கழற்றி ஜன்னலில் விரித்தார்.
புறங்கையால் தடவினார்.
உள்பக்கம் திருப்பினார்.
கோடு இல்லை.
என்னைப் பார்க்காமல் சொன்னார்:
"வெறுஞ் செவுத்த எடுங்க பாக்கலாம்."

எடுத்தேன்.
சுவரிலும் நீடில் லைன்.

ஷோபிதா டீ சொல்லப் போனாள்.
நான் கேபிளை மாற்றினேன், கார்டை மாற்றினேன்,
பேக்கின் பேட்டரியை மாற்றினேன்.
கடைசியில் என் போனுக்கு உயிர் ஏற்றலாமென்று
லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கினேன், சும்மா.
கோடு போயிற்று.
செருகினேன், வந்தது.
பிடுங்கினேன், போயிற்று.

சார்ஜர் இல்லாமல் அந்த லேப்டாப்
பதினோரு நிமிடம் தாங்கும்.
எடுக்க வேண்டியது நூற்று நாற்பது ஸ்டைல்.

எலக்ட்ரீசியன் மாரப்பன் ஒரே பிளக்கில் மீட்டரை வைத்தார்.
நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே பதினெட்டு வோல்ட்.
"எர்த்துக்குத் தண்ணி ஊத்தி எத்தன நாளாச்சுங்?"

எர்த்துக்குத் தண்ணி.
நூற்று அறுபது பக்க மேனுவலை
இரண்டு தரம் படித்திருக்கிறேன்.

காம்பவுண்டின் பின்னால், வேஸ்ட் துணி மூட்டைகளுக்கு அடியில்
ஒரு சிமெண்ட் மூடி.
தூக்கினால் குழி நிறையப் பஞ்சு,
இரண்டு பல்லி முட்டை,
வெடித்துக் கிடக்கும் மண்.

லாரித் தண்ணியில் ஒரு குடம் மோந்து வந்தேன்.
"அத எதுக்குங் வீணாக்கறீங்க" என்றார் மாரப்பன்,
"போர்த் தண்ணிய ஊத்துங்க.
உப்பா இருந்தாத்தான் நல்லா எறங்கும்."

வெள்ளைத் துணியைப் பழுப்பாக்கும் தண்ணீர்,
பல் தேய்க்கக்கூட ஆகாதென்று
நான்கு வருடமாய்த் திறக்காத குழாய்.
திருகு இறுகிப்போய்
கட்டிங் பிளேயர் வைத்துத் திறந்தோம்.
மூன்று குடம் சத்தமில்லாமல் குடித்தது குழி.
நான்காவதில் குமிழி விட்டது.

சார்ஜர் செருகியபடியே எடுத்தேன்.
சுவர் சுவராக இருந்தது,
கருநீலம் கருநீலமாக.

ஷோபிதா நிட்டிங்குக்கு மறுபடி போன் செய்யவில்லை.
கலாமணியும் கேட்கவில்லை.
ஆறிய டீயைக் கையில் வைத்துக்கொண்டு
திரைக்கு முன்னால் குனிந்தார்.
ஒவ்வொரு கண்ணியாகப் போனது பார்வை,
இருபது வருடமாகத் துணிமேல் போவதுபோல.
"இங்க பஞ்சு ஒட்டிருக்குதுங்."

பனியனில் தேடினேன். கிடைக்கவில்லை.
இந்தத் தடவை அவர் சொல்லும்முன்
கேமராவைச் சுவர்ப் பக்கம் திருப்பினேன்.

அங்கேயும் இருந்தது.