இந்த வருஷம் நமக்குத்தான்

மோல்மினில் மழை மூன்றாவது மாதமாகப் பெய்கிறது.
ஈர நோட்டுகளை அடுப்பு வெக்கையில் காட்டி
ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருக்கிறேன்.
வாசல் மேசையில் அதே மூன்று பேர்.
ஆளுக்கொரு பால் டீ,
அதற்கு மேல் ஓசியில் ஒரு கெண்டி வெறுந்தேநீர்,
அதற்கும் மேல் மரக்கிடங்கு அணி.

"இந்த வருஷம் நமக்குத்தான்" என்கிறார் சன்னாசி.
போன வருஷமும் சொன்னார்.
கோப்பை கடைசியாக இந்தத் தெருவுக்கு வந்தபோது
அவர் தலையில் சீப்புக்கு வேலை இருந்தது.

காதர் மொய்தீன் வெற்றிலையை
ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றுகிறார்.
"படகுத்துறைக்காரன்கிட்ட
முன்னால ஓட மூணு குதிரை இருக்கு.
நம்மகிட்ட என்ன இருக்கு?
ஒரு பந்து. அதுவும் ஒட்டுப் போட்டது."

உடனே பட்டியல் போட்டாக வேண்டும்.
என் கடன் நோட்டில் ஒரு தாளை
எந்தத் தாள் என்று பார்க்காமல் கிழித்து
உக்கிரபாண்டி எழுதுகிறான்.
சங்கத்துக் காகிதத்தில் எல்லோருக்கும் பர்மியப் பெயர்,
பந்தைக் கோட்டைவிட்டால் மட்டும் தமிழ்ப் பெயர்.
வரிசையில் நிற்கும்போது கோ தான் ஜின்,
திட்டு வாங்கும்போது தட்சிணாமூர்த்தி.

கோல்கீப்பர்?
மே சோட்டில் தையல் ஆலை.
இடது ஓரம்?
மகாச்சாயில் மீன் வெட்டுகிறான்.
விரலில் கட்டோடு போன வாரம் படம் அனுப்பினான்.
"காலுக்கு ஒண்ணும் இல்லையே?" என்று
பதறிப் பதில் போட்டாராம் சன்னாசி.

நடுவில் தான் ஜின்?

மழைதான் பேசியது.
பட்டாளத்துக்குச் சீட்டுக் குலுக்கி
அவன் பெயர் விழுந்த ராத்திரியே
ஆற்றைத் தாண்டிவிட்டான் என்கிறார்கள்.
தாண்டவில்லை என்றும் சொல்கிறார்கள்.
உக்கிரபாண்டி அவன் பெயரை எழுதினான்,
கொஞ்ச நேரம் பார்த்தான்,
அடிக்கவில்லை.

பேச்சை மாற்ற எப்போதும் ஒரு கோல் உண்டு.
இருபத்தேழு வருஷத்துக்கு முந்தைய இறுதி ஆட்டம்.
கணுக்கால் தண்ணீரில் மிதந்துபோன பந்து
கோட்டைத் தாண்டியதா இல்லையா?
"கோடே தெரியலய்யா!"
"தெரியாட்டி என்ன, கோடு அங்கதான இருக்கும்?"
சர்க்கரைக் கிண்ணம் கம்பமாகிறது,
என் கரண்டி கோடாகிறது,
ஒரு நிலக்கடலை மறுபடியும் மறுபடியும்
உள்ளே போகிறது.

குடையை வாசலில் உதறிவிட்டு
படகுத்துறையின் ஊ சோ லின் வந்தார்.
கயிற்றுக் கடைக்காரர்.
இந்த மேசையில் அவர் உட்கார்ந்து பார்த்ததில்லை.
உட்கார்ந்தார்.
கடலையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.
"எங்க குதிரை மூணும் போச்சு" என்றார்
எங்கள் தமிழிலேயே, கொஞ்சம் உடைத்து.
"ரெண்டு பாங்காக். ஒண்ணு காடு.
மிச்சம் ஏழு பேர்."

உக்கிரபாண்டி தாளை எண்ணினான்.
நம் பக்கம் ஆறு.
தான் ஜினையும் சேர்த்து.

ஆறும் ஏழும் கூட்ட
எங்கள் தெருவில் யாருக்கும் படிப்பு தேவையில்லை.
ஆனாலும் வெகுநேரம் யாரும் கூட்டவில்லை.
கடைசியில் காதர் மொய்தீன்தான்
வெளியே போய்த் துப்பிவிட்டு வந்து சொன்னார்:
"அந்த கோல் உள்ளதான்னு ஒத்துக்க.
சேந்து ஆடலாம்."

"செத்தாலும் மாட்டேன்" என்றார் ஊ சோ லின்.
ஒரு டீ சொன்னார். சர்க்கரை தூக்கலாக.
சன்னாசிக்கு முகமெல்லாம் வெளிச்சம்.
"பாத்தியா, பயந்துட்டான்" என்று
என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

கடை சாத்தும்போது மேசையில்
கெண்டி காலி. தாள் கிடந்தது.
திருப்பிப் பார்த்தேன்.
என் கையெழுத்து:
தான் ஜின், பதினாறு டீ, இரண்டு பூரி.

நோட்டில் அதைத் திரும்ப ஒட்டுவதற்குச்
சட்டியின் அடியில்
ஒரு சோற்றுப் பருக்கை தேடுகிறேன்.