நாண்

ஓசேஜ் மரத்து வில். நாற்பத்தைந்து பவுண்டு இழுவை.
கீழ்க்கையில் ஒரு கணு,
செய்தவன் அதைச் செதுக்காமல் சுற்றிப் போயிருக்கிறான்.
டோரீன் ஹக்காலா தன் பனிவண்டி எஞ்சினைக் கொடுத்து
மாற்றாக வாங்கியது.
பள்ளிப் பேருந்து ஓடாத மாதங்களில்
கொட்டகைக்குப் பின்னால் வைக்கோல் பொதியில் எய்தாள்.
மாலைக்கு இருபது அம்பு. இருபத்தொன்று கிடையாது.
களைத்த தோள் பொய் சொல்லப் பழகிவிடும்.

இழுப்பது கையல்ல.
முதுகில் இரண்டு தோள்பட்டை எலும்புகளும்
ஒன்றையொன்று தேடி வரவேண்டும்.
நடுவிரல் வாய்க்கோடியைத் தொடும்,
வான்கோழி இறகு கன்னத்தில் குறுகுறுக்கும்,
அப்போதும் விடுவதற்கில்லை.
மானைப் பார்த்தால் மான் தப்பும்.
ஒற்றை மயிரைப் பார்.

பதினெட்டுத் தப்படிக்கு மேல் எய்வதில்லை என்று
அவளே கிழித்துக்கொண்ட கோடு.
சுப்பீரியர் ஏரிக்காற்று முகத்தில் அடிக்க
அக்டோபரில் பதினோரு மாலை
அந்தக் கோட்டுக்கு அப்பால் மான்கள் மேய்ந்து போயின.
பன்னிரண்டாவது மாலை, ஞாயிறு, ஐந்து மணி,
பெட்டை ஒன்று தானாகவே உள்ளே வந்தது.

எல்லாம் சரியாகத்தான் இருந்தது.
மயிர் தெரிந்தது. எலும்புகள் தேடிக்கொண்டன.
விரல் விட்டதும்
நாணொலி அம்பை முந்திப் போய்ச் சொல்லிவிட்டது.
அது ஒரு அடி முன்னே வைத்தது.
ஒரே அடி.

அம்பு மேப்பிள் சருகில் கிடந்தது, ஊடுருவி வெளியேறி.
தண்டில் பச்சைப் பிசுக்கு.
மோந்து பார்த்தாள். வயிறு.

வயிற்றில் பட்டதைத் துரத்தக்கூடாது.
துரத்தினால் ஓடும், ஓடினால்
ரத்தமே சிந்தாமல் மைல்கணக்கில் போய்ச் சாகும்.
ஆறு மணிநேரம் விடவேண்டும், படுக்க, அடங்க.
வானொலி மழை என்றது, ஒன்பது மணிக்கு.

வீட்டுக்கு வந்தாள். வில்லின் நாணை அவிழ்த்து ஆணியில் மாட்டினாள்.
உருளைக்கிழங்கு வேகவைத்தாள், உண்ணவில்லை.
ஒன்பதுக்குச் சொல்லிவைத்தாற்போல் தகரத்தில் முதல் துளி.
போயிருக்கலாமோ. போகாதது சரியோ.
அடுப்பங்கரைக் கடிகாரத்திடம்
இதற்குப் பதில் இல்லை.

பதினொன்றுக்கு ஆர்வோ லாஹ்தியின் கதவைத் தட்டினாள்.
வேலித் தகராறில் நான்கு வருடம் பேச்சில்லை.
மான் போன திசை அவன் நிலம்.
"உள்ளே வரலாமா, தேட?"
அவன் அவள் கையைப் பார்த்தான். வில் இல்லை.
சட்டையின் மேல் மழைக்கோட்டு மாட்டி,
டார்ச்சோடு வந்தான். வேலியைப் பற்றி எதுவும் பேசவில்லை.

முட்டிபோட்டுத் தேடினார்கள்.
இலையைத் திருப்பி அடிப்பக்கம் பார்த்தார்கள்.
மழை எல்லாவற்றையும் ஒரே நிறமாக்கியிருந்தது.
இரண்டு மணிக்கு, ஹெம்லாக் மரத்தடியில்லை,
திறந்த பெரணி மேட்டில்,
உலர்ந்த ஓர் இடம்.
சுற்றிலும் சொட்டச்சொட்ட ஈரம். நடுவில்
மான் அளவுக்கு மட்டும் காய்ந்த சருகு.
டோரீன் உள்ளங்கையை வைத்தாள். சூடு.
மழை வந்தபோதும் இங்கேதான் கிடந்திருக்கிறது.
இவர்கள் வெளிச்சம் பார்த்து இப்போதுதான் எழுந்திருக்கிறது.

அவள் பார்த்திருக்கும்போதே
அந்த உலர்ந்த இடத்திலும் துளிகள் விழத் தொடங்கின.

அதற்குப் பிறகு எதுவும் கிடைக்கவில்லை.
நான்கு மணிக்கு ஓநாய்களோ கயோட்டிகளோ
சதுப்புப் பக்கம் கூடிக் கத்தின.
ஆர்வோ டார்ச்சை அணைத்தான்.
"அவை கண்டுபிடித்துவிட்டன" என்றான். ஆறுதலாகத்தான் சொன்னான்.

ஆறரைக்குப் பேருந்து. முட்டியில் சேறு.
மூன்றாவது நிறுத்தத்தில் பல் விழுந்த பயல் கேட்டான்:
"மான் கிடைச்சுதா?"
"ஒன்றைக் கொன்றேன்" என்றாள்.
"எங்கே?"
"உட்கார், வண்டியை எடுக்கணும்."

சட்டப்படி அவளுக்கு இன்னும் ஒரு மான் பாக்கி.
கையில் இறைச்சி இல்லாதவரை உரிமச்சீட்டு செல்லும்,
நவம்பர் பாதிவரை.
மதியம் வண்டியில் தனியே இருந்தபோது
சட்டைப்பையிலிருந்து அதை எடுத்தாள்.
பேனாக்கத்தியால் மாதத்தை வெட்டினாள்.
தேதியை வெட்டினாள்.
கட்டுவதற்குக் காதோ கொம்போ இல்லாததால்
ஸ்டீயரிங்கில் கட்டினாள்.

வில் ஆணியில் தொங்குகிறது, நாண் தளர்ந்து.
அவளிடம் இருக்கும் மற்றது
தளரவில்லை.