ஆறடி, எட்டங்குலம், நாலரை

சிலிப்பர் கட்டை என்றதும்
காலுக்குப் போடுவதென்று நினைத்துத்தான்
வேலைக்கு வந்தேன்.
பொள்ளாச்சியில், ஆனைமலை ரோட்டில்,
தகரம் வேய்ந்த மரமில்.
அம்மாசை சிரித்தான்:
"செருப்புத்தானுங்க அக்கா. ரயிலுக்கு."

மலையிலிருந்து லாரி வந்து
சங்கிலி அவிழும்போதே தெரியும் என்ன மரமென்று.
கருமருது புளிப்பாய் மணக்கும்.
கோங்கு ஒன்றும் சொல்லாது.
இருள் என்றொரு மரம்,
கடப்பாரை பட்டால் இரும்பாட்டம் பேசும்.
அதை அறுக்கிற நாளில்
ரம்பம் மூணு தடவை சாணைக்குப் போகும்,
முதலாளி முப்பது தடவை வெத்தலை துப்புவார்.
இருளைப் பிளந்தால் உள்ளே சிவப்பு.
தூள் பறந்து எங்கள் எல்லாருக்கும் ஒரே நிறம்,
சாயங்காலம் தொட்டியில் கழுவும் வரைக்கும்.
குடிக்கிற சொம்பு மட்டும்
அப்போதும் ரெண்டு.

முதலில் நாலு பக்கமும் சீவுவார்கள்.
வெள்ளை விழும், அது விறகு.
மிஞ்சிய வைரத்தில்
ஆறடி, எட்டங்குலம், நாலரை.
அம்மாசை டிராலியைத் தள்ள
மறுபுறம் பட்டீசுவரன் வாங்க
நடுவில் அந்த வட்டம்.
ஓடும்போது பல் தெரியாது.
பட்டீசுவரனுக்கு இடதுகையில் மூன்றரை விரல்.
மீதி எங்கே என்றால்
"கெணத்துக்கடவுப் பக்கம்
தண்டவாளத்துக்கு அடியில" என்பான்,
அரை விரலில் பீடி நிற்கும்.

என் வேலை கட்டையின் தலைக்கு.
காய்கிற மரம் தலையில்தான் முதலில் பிளக்கும்.
மனுசரும் அப்படித்தான் என்று சொல்ல மாட்டேன்,
எனக்குத் தெரிந்தது கட்டை.
பட்டைக் கம்பியை எஸ் மாதிரி வளைத்து
குறுக்கே வைத்து அடித்து இறக்கி
மேலே தார் பூசுவேன்.

மாசக் கடைசியில் எபனேசர் சார் வருவார்,
ரயில்வே சட்டை, முத்திரைச் சுத்தியல்.
தட்டுவார், காது வைப்பார்.
கணு இருந்தால், முறுக்கு இருந்தால்,
ஓரத்தில் விரலகலம் வெள்ளை இருந்தால்,
"தள்ளு."
நூற்றுக்கு இருபது தள்ளு.
தள்ளினதுக்கும் நான் கம்பி அடித்திருக்கிறேன்,
கூலி அதற்கில்லை.
ஒருநாள் குனிந்து பார்த்துச் சொன்னார்,
"இது எஸ் இல்லம்மா.
கண்ணாடியில பாத்த எஸ்."
எழுத்து எந்தப் பக்கம் வளையுமென்று
யாரும் சொன்னதில்லையே சார் என்றேன்.
முத்திரை குத்திவிட்டுப் போனார்.
நான் மாற்றவில்லை.

பங்குனி நோம்பிக்குப் பழனிக்குப் போனோம்,
மில் மொத்தமும், கட்டுச்சோறோடு.
மைவாடியில் கிராசிங்.
வண்டி நிற்கிறதே என்று இறங்கி
பெட்டிக்கு அடியில் பார்த்தேன்.
ஜல்லியைக் காலால் விலக்கினால்
தார் பூசிய தலை,
அதில் திரும்பின எஸ்.
அடுத்ததிலும். அதற்கடுத்ததிலும்.
கார்டு விசில் ஊதினான்.
"நம்முளுதுங்கோ!" என்று கத்திக்கொண்டே ஏறினேன்.

அம்மாசை கணக்குப் போட்டான்.
நாளைக்கு அறுபது கட்டை.
ரெண்டரை அடிக்கு ஒன்று.
அப்படியென்றால் ஒரு நாள் வேலை நூற்றைம்பது அடி.
வண்டிக்கு அது எவ்வளவு நேரம்?
பட்டீசுவரன் தீக்குச்சி உரசினான்,
பீடி பற்றுவதற்குள்
"போச்சு, திங்கக்கிழமை" என்றான் அம்மாசை.
அடுத்த உரசலில் செவ்வாய்.
புதன்கிழமை மழை, மில் லீவு,
அதை எங்கே வைப்பதென்று சண்டை போட்டார்கள்.
தை மாசம் முழுக்க
முதலாளி ஒரு வெத்தலை மடிப்பதற்குள் தாண்டியது.

நம்ம கட்டை மேல் போகும்போது
சத்தம் வேறாக இருந்ததென்று
பட்டீசுவரன் சாதித்தான்.
அரை விரல் கூசியதாம்.
எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.
பையனுக்கு முறுக்கு ஒடித்துக் கொடுத்தேன்.
தார் நாறுது என்று
ஜன்னலுக்கு வெளியே எறிந்தான்.