எட்டரை மணி மழை

மாரண்டஅள்ளியில் எவ்வளவு மழை பெய்தது என்பதைக்
காலை எட்டரைக்கு நான்தான் முடிவு செய்கிறேன்.
கடவுள் பெய்ய வைப்பதோடு சரி.

ஆர்.ஐ. ஆபீசின் பின்புறம்,
பிடித்துவைத்த மணல் டிராக்டருக்கும்
யாரும் கேட்டு வராத ஒரு சைக்கிளுக்கும் நடுவில்
நிற்கிறது மழைமானி.
உள்ளே ஒரு புனல், ஒரு பாட்டில்.
குடுவையில் ஊற்றிக் கண்மட்டத்துக்குத் தூக்கி
நீரின் பள்ளத்தைப் படிக்க வேண்டும்.
ஓரத்து மேட்டை அல்ல, நடுப் பள்ளத்தை.
அறிவியலில் எனக்குப் பிடித்ததே இதுதான்:
எங்கே பார்ப்பது என்று சொல்லிவிட்டு
என்ன தெரியும் என்று சொல்லாமல் விட்டுவிடுகிறது.

அரசாங்கம் நேர்மாறு.
என்ன தெரிய வேண்டும் என்று முதலில் சுற்றறிக்கை வரும்.
எங்கே பார்ப்பது என்பது நம் பாடு.

இரவில் எதிர்கால நாவல்கள் படிக்கிறேன்.
எனக்கு ஒரே ஒரு குறை.
செவ்வாயில் ஊரே கட்டிவிடுகிறார்கள்,
பட்டா யார் கொடுத்தது என்று ஒரு வரி கிடையாது.
நூற்றைம்பதாம் பக்கத்தில்
அந்த மண்ணுக்காரன் மூன்று கண்ணோடு வந்து விரட்டினால்
எல்லோரும் அழுகிறார்கள்.
எனக்கென்னவோ
அவன் பக்கம்தான் ஆவணம் சரியாக இருக்கிறது.

நானும் கதை எழுதியிருக்கிறேன், ஒரே ஒரு தடவை.
புரட்டாசியில் பஸ் பஞ்சராகிப் பத்தரைக்கு வந்தேன்.
தரை ஈரம். பாட்டிலை யாரோ கவிழ்த்திருந்தார்கள்.
12.4 என்று எழுதினேன்.
வெறும் பன்னிரண்டு என்றால் பொய் மாதிரி இருக்கும்.
புள்ளிக்குப் பிறகு வருகிற அந்த நாலுதான் இலக்கியம்.
வட்ட முத்திரை விழுந்ததும்
அதுவே வரலாறு.

நாலாம் நாள் தக்காளிக்காரர் மாதேசன் வந்தார்.
'எங்க கொல்லையில தூறல்கூட இல்லையே மேடம்,
பன்னண்டு எப்படி?'
'உங்க கொல்லை மூணு கிலோமீட்டர் தள்ளி.'
கொஞ்சம் யோசித்தார்.
'அப்ப மழைக்கு ஒரு மனு எழுதிக் குடுங்க.'
எழுதிக் கொடுத்தேன்.
பெறுநர் என்ற இடத்தை மட்டும்
அவரையே நிரப்பிக்கொள்ளச் சொன்னேன்.

பிறகு தானியங்கி வந்தது.
ஓசூரிலிருந்து பிரவீணா வந்து நட்டுவிட்டுப் போனாள்.
சூரியத் தகடு, சிம் கார்டு,
கால் மணிக்கொரு தரம் தானே பேசும்.
'அக்கா, இனிமே தூங்கினாலும் மழை பதிவாகும்.'
எனக்கு ஏனோ வேவு பார்க்கிற மாதிரி இருந்தது.

மூன்றாம் வாரம், மேகமே இல்லாத ஒரு விடியலில்,
அது 61 மில்லிமீட்டர் என்றது.
ஏழரைக்குப் பள்ளிகளுக்கு விடுமுறை.
எட்டுக்கு மீட்புப் படகு தேவையா என்று போன்.
ஆற்றைப் போய்ப் பார்த்தேன்.
ஆற்றில் கிரிக்கெட் நடந்துகொண்டிருந்தது.

விசாரித்ததில் விஷயம் சின்னது.
அதிகாரிகள் ஆய்வுக்கு வருகிறார்கள் என்று
துப்புரவுக்காரர் கெம்பண்ணன்
ஓஸ் பைப்பை நீட்டிப்
புனலைப் பளபளவென்று கழுவியிருக்கிறார்.
இயந்திரம் பொய் சொல்லவில்லை.
விழுந்தது அறுபத்தொன்றுதான்.
எங்கிருந்து விழுந்தது என்று
அதை யாரும் கேட்கவில்லை.

எல்லோரும் விளக்கக் கடிதம் எழுதினோம்.
ஆனால் அரசின் கடமை எது எது என்று
என்னைப் பட்டியல் போடச் சொன்னால்
இதையும் சேர்ப்பேன்:
எப்போதாவது ஒரு தப்பான காரணத்துக்காக
பிள்ளைகளுக்கு ஒரு வெயில் நாள் விடுமுறை.

இப்போது இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன.
இன்று தானியங்கி 0.0 என்கிறது.
என் பாட்டிலின் அடியில் இரண்டு சொட்டு.
மழையாக இருக்கலாம், பனியாக இருக்கலாம்,
பல்லியாகவும் இருக்கலாம்.
விதிப்படி அதற்கும் ஒரு சொல் உண்டு.
'அளவிட இயலாதது' என்று எழுதினேன்.
சாமியைப் பற்றி எழுதுகிற மாதிரி இருந்தது.
முத்திரை குத்தினேன்.