கிரினோலின்

கிண்டி எஸ்டேட், முதல் மாடி.
இருநூற்றுப் பதினான்கு பிரெஞ்சுச் சொற்கள்,
அத்தனையும் ஏணிகள்.
ஆறு மணிக்குள் ஆங்கிலத்தில் இறக்கியாக வேண்டும்.

மேன் கூராந்த்.
சொல்லுக்குச் சொல் போட்டால், ஓடும் கை.
ஹேண்ட்ரெயில் என்று அடித்தேன்.
இரண்டு சொல் ஒன்றாகிப் போனது.
ஆங்கிலச் சொல்லுக்கு ஒன்றரை ரூபாய்;
ஓடிய கையோடு
அதுவும் ஓடியது.

அடுத்தது கிரினோலின்.
உயர ஏணியைச் சுற்றி
ஆள் மல்லாந்து விழாமல் காக்கும் இரும்பு வளையங்கள்.
அகராதி முதலில் சொல்வதோ
சீமாட்டிகளின் பாவாடையை
விரித்து நிறுத்தும் கம்பிக்கூடு.
புகைபோக்கியில் ஏறுகிறவனைப் பார்த்து
யாரோ ஒரு ஃபிட்டர் அடித்த கேலி
கேட்லாக் வரை வந்துவிட்டது.
சேஃப்டி கேஜ், என்றேன்.
பாவாடை போனது,
கூண்டு வந்தது,
கேலியை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

சன்னலில் திடீரென
இரண்டு மூங்கில் முனைகள்.
கீழே தேசிங்கு,
ஏசி கழுவ வந்தவர்.
"மேடம், டைல்ஸு வழுக்குது. ஒரு கை குடுங்க."

எண்பத்தேழாவது வரிசை: வழுக்காத அடிக்காலணி.
இங்கே, நனைத்த கோணி.
இறங்கிப் போய்ப் பிடித்துக்கொண்டேன்.
அவர் வைக்கும் ஒவ்வோர் அடியும்
மூங்கில் வழியாக என் மணிக்கட்டுக்கு வந்தது.
அழுக்குத் தண்ணீர் தோளில் சொட்டியது.

"மேல என்னா வேலை உங்களுக்கு?"
"ஏணிங்களுக்குப் பேர் மாத்துறது."
கொஞ்ச நேரம் பிரஷ் சத்தம் மட்டும்.
"பேரு கெடக்கட்டும் மேடம்,
இடது கால் நகருது பாருங்க."

மணி ஐந்து நாற்பது.