மூன்று பாகை

புட்டிகள் பேருந்தில் வந்தன, ஒவுலுவுக்கு.
வெளியே கழித்தல் இருபத்திரண்டு.
பெட்டியைப் பிரித்த இர்மெலி சொன்னாள்:
"விருந்தாளிகள் விறைத்துப்போயிருக்கிறார்கள்."
உடனே படமெடுக்கக் கூடாது.
குளிர்ந்த நீர் சுருதி மாறிப் பேசும்,
எண்ணெய் தன் பழைய சுருதியிலேயே நிற்கும்.
அறைச் சூட்டுக்கு வரட்டும் என்று காத்திருந்தோம்,
இரண்டு கோப்பைக் காப்பி,
பிறகு மூன்றாவது.

பதினொரு புட்டிகள்.
அகர் கூழில் கடலை எண்ணெய்,
நீரோடு சண்டையில்லாமல் கலந்து உறைந்தது.
உள்ளே எவ்வளவு கொழுப்பு என்று
ஒவ்வொரு மூடியிலும் எழுதியிருந்தது.
மனிதருக்கு மூடி இல்லை.

எதிர் அறையின் புது இயந்திரம்
இருபதை இருபது என்றது.
எங்கள் பழையது இருபத்து நான்கு என்றது,
முப்பதை முப்பத்தைந்து.
பூஜ்யத்தை மட்டும் பூஜ்யம் என்றது,
யோக்கியன்போல.

சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்.
சரி,
அகப்பையை எவ்வளவு சாய்க்கிறோம்?
காந்தத்துக்குள் அணுக்களைச் சாய்க்கிறோம்,
அவை நிமிர்வதற்குள் மறுபடி கேட்கிறோம்.
கொழுப்பு சட்டென்று எழுந்துவிடும்.
நீர் சோம்பேறி இல்லை, நிதானம்.
அதிகம் சாய்த்துவிட்டு அவசரமாய்க் கேட்டால்
முந்தி எழுந்தவன் குரல்தான் காதில் விழும்.
பழையதில் சாய்வு பன்னிரண்டு பாகை.
யார் வைத்தது, நினைவில்லை.
படம் பளிச்சென்று இருக்கட்டும் என்று
யாரோ ஒரு நல்லவர்.

மூன்று பாகைக்கு இறக்கினேன்.
மணல் தூவியதுபோல் படமெங்கும் இரைச்சல்.
ஆனால் இருபது, இருபது.
இர்மெலி கைதட்டினாள்.
சரியாக அளந்துவிட்டோம் என்ற கொழுப்பு
எனக்கும் கொஞ்சம் ஏறியது,
ஹெய்மோவின் பெயர் நினைவுக்கு வரும்வரை.

மரக்கட்டை லாரி ஓட்டுபவர்.
செப்டம்பரில், பழைய இயந்திரத்தில்,
ஈரலில் பதினைந்து விழுக்காடு.
போன வாரம், புதியதில், பதினொன்று.
நான்கு குறைந்தது என்று சொல்லி அனுப்பியிருந்தோம்.
நான்கு மாதம் உறைந்த ஆற்றோரம் நடந்தவர்
எங்களுக்கு ஒரு கூடை முட்டைக்கோசு கொண்டுவந்தார்.

அன்றிரவு பழைய பதினைந்தைத் திருத்திப் போட்டேன்.
பன்னிரண்டு.
பன்னிரண்டு, பிறகு பதினொன்று.
அந்த ஒன்றும் எங்கள் பிழை வரம்புக்குள்.

மறுநாள் தொலைபேசியில் சாய்வைப் பற்றிச் சொன்னேன்,
முந்தி எழுபவனைப் பற்றி, நிதானமான நீரைப் பற்றி.
அவர் லாரியை ஓரங்கட்டும் ஓசை கேட்டது.
"அப்போ நான் நடந்ததெல்லாம்?"
"நடந்தது நடந்ததுதான்" என்றேன்.
சொன்ன பிறகுதான் அது
எவ்வளவு மோசமான பதில் என்று தெரிந்தது.

வைப்பர் மட்டும் இங்குமங்கும் போய்வந்தது.
"பெல்ட்டில் இரண்டு ஓட்டை உள்ளே போயிருக்கிறேன்.
அதை யார் திருத்துவீர்கள்?"
யாரும் இல்லை என்றேன்.
தோலுக்கடியில் உள்ளது வேறு கணக்கு, ஈரலுடையது வேறு,
இரண்டும் ஒரே நாளில் இறங்க வேண்டியதில்லை.

"சவுனா முடிந்ததும் தின்கிற மக்கராவை
நாலு மாதமாய் நாய்க்குத்தான் போட்டேன்.
நீங்கள் தொலைத்த அந்த மூன்று விழுக்காடு
அதற்குள்தான் இருக்கிறது."

அதை அழைத்து வாருங்கள் என்றேன்.

"எதற்கு? படியேறும்போதே தெரிகிறது" என்று
கியர் மாற்றினார்.