தங்கட்டும்

இரண்டு பதினாலுக்குப் போனது.
மூன்று விநாடி கழித்து வந்தது.
உள்ளங்கை அகலக் கறுப்புப் பெட்டி,
ஆறு குளிர்காலம் பனியாறு முனகியதெல்லாம்
அதற்குள்.

கர்னல் தன் குறிப்பேட்டில்
ஒற்றை வரி எழுதி வைத்திருந்தது:
நான்காம் எண் கருவி மீட்டமைக்கப்பட்டது.
ஏன் என்று இல்லை.
தோருகார்ட் எல்லைச் சாவடிக்காரனும்
இப்படித்தான் எழுதுவான்:
போனார். வந்தார்.

சில தடவை பெயரோடு திரும்பும்.
சில தடவை எஸ்டிபி என்று போய்
எஸ்டிசி என்று வந்து நிற்கும்,
எதுவும் நடக்காததுபோல.
நகலெடுக்கும் நிரலோ
பழைய பெயரையே கூப்பிட்டுக்கொண்டிருக்கும்,
இடித்துவிட்ட வீட்டின் கதவைத் தேடும்
தபால்காரன்.

வெளியே கழித்தல் இருபத்தாறு.
வெள்ளிக்கிழமை பிஷ்கெக்கிலிருந்து ஜீப் வரும்.
அதற்குப் பிறகு கணவாய்
ஏப்ரல் வரை மூடல்.

முதலில் தூக்கத்தின்மேல் சந்தேகம்.
சும்மா இருந்தால் உறங்கப் பழகிய கருவி,
எழுப்பினால் திகைக்கிறதோ என்று
உறக்க நேரத்தில் கழித்தல் ஒன்று எழுதினேன்.
எப்போதும் உறங்காதே என்று பொருள்.
நானும் உறங்கவில்லை.
நான்கு ஐம்பதுக்குப் போனது.

அப்புறம் ஒரு தாளில் நேரங்களை வரிசையாக எழுதினேன்.
ஆறு நாற்பது. பதினொன்று ஐந்து.
நான்கு இருபது, மாலை.
பக்கத்து அறையில் கெட்டில் சீறியது.
அதே மின்கட்டை, அதே பழைய கம்பி,
நீர் கொதிக்கையில் விளக்கு ஒரு கணம் மங்கும்.
பிடித்துவிட்டேன் என்று எழுந்து போனேன்.

தொக்தோசுனிடம் சொன்ன குரல்
எனக்கே பிடிக்கவில்லை.
அவன் பதில் பேசாமல் ஒயரைச் சுற்றி
கெட்டிலை அலமாரியில் வைத்தான்.
மூன்று நாள்
சாண அடுப்பில் பனியை உருக்கி
வெதுவெதுப்பாய், புகை நாற்றத்தோடு குடித்தான்.
ஒரு நாளைக்கு ஏழு கோப்பை குடிக்கிறவன்.

மூன்றாம் இரவு,
அடுப்பு அணைந்து, அவன் குறட்டை விட்டு,
விளக்கு இம்மியும் மங்காத நேரத்தில்
மூன்று ஐம்பத்தொன்றுக்குப்
போனது.

பழி ஓரிடம்.

விடிந்ததும் திரையைப் பார்த்து
'தங்கமாட்டேன் என்கிறது' என்றேன்.
அவன் சிரித்தான்.
இரண்டு பிள்ளைகளைப் புதைத்தபின் பிறந்தவனுக்கு
அம்மா வைத்த பெயர்:
தொக்தோசுன். தங்கட்டும்.
நாற்பத்தாறு வருஷமாகத் தங்கியிருக்கிறேன் என்றான்.
காகித நாடா ஒரு துண்டு கிழித்து
மார்க்கரால் தன் பெயரை எழுதி
பெட்டியின் தலையில் ஒட்டினான்.

அன்றைக்கு அவசரம். எல்லாவற்றையும் ஒன்றாகச் செய்தேன்.
கேமரா உறையில் கிடந்த குட்டைக் கேபிள்.
தனியாக மின்சாரம் வாங்கும் ஹப்.
யூஏஎஸ் வேண்டாம் என்று துவக்க வரியில் ஒரு விதிவிலக்கு:
முப்பது வேலையை ஒரே மூச்சில் ஏவாதே,
ஒன்று முடிந்து ஒன்று கொடு.
வேகம் பாதியாகும். ஆகட்டும்.

முப்பத்தொரு மணிநேரம்.
குறிப்பேட்டில் புதிய வரி இல்லை.
பச்சை விளக்கு துடித்துக்கொண்டே இருந்தது,
நான் அதைப் பார்க்காத மாதிரி
பார்த்துக்கொண்டே இருந்தேன்.

எது குணமாக்கியது?
ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்ப்பதுதான் முறை.
மாணவர்களுக்கு நானே சொல்லியிருக்கிறேன்,
ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று என்று.
பழைய கேபிளைக் கையில் எடுத்தேன்,
மடங்கிய இடத்தில் உறை வெளுத்திருந்தது.
கீழே ஜீப் ஹார்ன் அடித்தது.

முறையாக விடைகொடுத்து,
எழுதாமல் மிச்சமிருந்ததை எழுதவைத்து,
விளக்கு அணையும்வரை நின்று,
கம்பளிச் சாக்ஸுக்குள் பெட்டியைச் செருகிக்
கொடுத்தனுப்பினேன்.
அறிக்கையில் காரணம் என்ற கட்டத்தில்
கேபிள் என்று எழுதினேன்.
நாடாவை உரிக்கவில்லை.

கெட்டில் இன்னும் அலமாரியில்தான்.
அவன் கேட்கவில்லை.
எடுத்து வைக்கவேண்டியது நான்.